சுவரும் சித்திரமும்: விண்வெளி நிலையத்தின் அன்றாடப் பராமரிப்பு

(சென்னை அயனாவரத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசியதை ஏறக்குறைய அப்படியே தந்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பல பணிகளுக்கிடையில் வந்து குத்துவிளக்கேற்றிச் சிறப்பித்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் கோள்களைப் பற்றி அழகுறப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியை அம்மையார் அவர்களே, இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்டதோடு மின்விசிறிகளை நேற்றே ஓட்டிப் பார்த்துவைத்த நூலகர் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். எவர் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெரம்பூர் கேரேஜ் என்னும் ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளராக ஓய்வுபெற்ற என் கைக்குப் பழக்கமான துணி காட்டன் வேஸ்ட் ஒன்றுதான். பொன்னாடையில் கிரீஸ் பட்டுவிடுமோ என்ற அச்சம் இந்த நிமிடமும் எனக்கு இருக்கிறது.

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘விண்வெளி நிலையத்தில் அன்றாட வாழ்க்கை’ என்பது. அதை நான் காற்று, தண்ணீர், மின்சாரம், குப்பை, தூக்கம் என்று ஐந்தாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கும் அடிப்படையாக ஒரு பழமொழியை வைத்துக்கொள்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் சார்ஜ்மேன் சொன்னது இது. அவர் உடம்பைப் பேணுவதற்காகச் சொன்னாரா, ரயில் பெட்டியைப் பேணுவதற்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் அந்தச் சுவர், அதாவது சர்வதேச விண்வெளி நிலையம், எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிட அது குறைவு. 1998 நவம்பரில் அதன் முதல் பகுதி ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி முதல் குழுவினர் உள்ளே நுழைந்தார்கள். அன்று முதல் இன்றுவரை அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளே கிடையாது. ஐந்து ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளை வரிசையாகக் கோத்துவைத்த நீளம், ஏறக்குறைய 420 டன் எடை, மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுவதால் அங்கே ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கிறது. எந்த விடியலைப் பார்த்து எழுவது என்ற குழப்பம் வராமல் இருக்க, அவர்கள் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காலை 6 மணிக்கு எழும்போது அயனாவரத்தில் 11.30. எழுந்ததும் ஹூஸ்டன், மாஸ்கோ, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய இடங்களில் உள்ள தரைநிலையங்களோடு அன்றைய வேலைகளைப் பேசி முடிவு செய்கிறார்கள். இரவில் மறுபடியும் பேசி, முடிந்தது எது, நின்றுபோனது எது என்று கணக்குக் கொடுக்கிறார்கள். பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் செய்ததும் இதுவேதான்.

காற்றுக்கு வருகிறேன். தரையில் நாம் விடும் வெப்பமான மூச்சு தானாகவே மேலெழுந்து விலகிவிடுகிறது. எடையற்ற இடத்தில் வெப்பக் காற்றுக்கு மேலே என்றும் கீழே என்றும் ஒன்றுமில்லை. விசிறி நின்றுவிட்டால், தூங்குகிறவர் விட்ட கரியமில வாயு அவர் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். ஆகவே அங்கே விசிறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தக் காற்றோட்டத்தில் தோல் துகளும் துணிப் பிசிறும் கைதவறவிட்ட சிறு பொருள்களும் மிதந்து போய் வடிகட்டியின் வலைமீது ஒட்டிக்கொள்கின்றன. எதையாவது காணவில்லை என்றால் அங்கே முதலில் தேடும் இடம் அந்த வலைதான். சனிக்கிழமைகளில், கீழே எத்தனை பட்டம் வாங்கியவராக இருந்தாலும், வாக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு அந்த வலையைச் சுத்தம் செய்ய வேண்டும், கைப்பிடிக் கம்பிகளைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். 2020 அக்டோபரில் நிலையத்தின் ரஷ்யப் பகுதியிலிருந்து காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தபோது, அது எந்த இடம் என்று கருவிகளால் துல்லியமாகக் காட்ட முடியவில்லை. ரஷ்ய வீரர்கள் ஒரு தேயிலைப் பையை வெட்டி, தூளை மிதக்கவிட்டு, கதவை மூடிவிட்டுக் கேமராவில் பார்த்தார்கள். தேயிலை மெல்ல மிதந்து ஒரு மூலையை நோக்கிப் போயிற்று. அங்கே ஒரு மெல்லிய விரிசல் இருந்தது; நாடா ஒட்டி அடைத்தார்கள். கசிவு அத்துடன் முற்றுப்பெற்றுவிடவில்லை, அது வேறு கதை. இருந்தாலும் டீத்தூள் இல்லாமல் எந்தப் பட்டறையும் ஓடாது என்று நான் சொல்லிவந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர், பக்கத்தில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்ததை நம்மில் பலர் போய்ப் பார்த்தோம். விண்வெளி நிலையத்துக்கு அப்படி வேகன் அனுப்ப முடியாது. ஆகவே வியர்வை, மூச்சிலுள்ள ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்து மறுபடியும் குடிநீராக்குகிறார்கள். 2023இல் இந்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. ஆனால் அந்த இயந்திரம் 2008 இறுதியில் மேலே போனபோது நடந்ததைக் கேளுங்கள். கீழே சோதித்தபோது அது ஒழுங்காக ஓடியது. மேலே ஓராண்டுக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. எடையில்லாத இடத்தில் மனிதனுடைய எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. அந்தச் சுண்ணாம்பு சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீரைப் பதப்படுத்தக் கலந்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து, கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிட்டது. நம் வீட்டு ஹீட்டரில் போர்த் தண்ணீரின் உப்புப் படிவது போலத்தான். கீழே சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தவர்கள் தரையில் நடமாடுகிறவர்கள், அவர்கள் எலும்பு கரையவில்லை. பிறகு கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தைக் கலந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். 2024 மே இறுதியில் அதே அமைப்பின் ஒரு பம்ப் பழுதானபோது, அவசரமாக மாற்றுப் பம்பை ஏற்ற இடம் தேவைப்பட்டதால், புறப்படவிருந்த சுனிதா வில்லியம்ஸும் பட்ச் வில்மோரும் தங்கள் உடைப்பெட்டிகளைக் கீழேயே விட்டுவிட்டுப் போனார்கள். சில நாள்களில் திரும்பலாம் என்று போன அவர்கள் ஒன்பது மாதம் தங்க நேர்ந்தது உங்களுக்குத் தெரியும்.

மாமன்ற உறுப்பினர் அவர்கள் இன்னொரு நிகழ்ச்சிக்குப் புறப்பட வேண்டியிருப்பதாகத் தலைவர் ஐயா சைகை காட்டுகிறார். அவர் போவதற்குமுன் ஒரு வேண்டுகோளை வைத்துவிடுகிறேன். இது என் நெடுநாள் வேண்டுகோள் என்பது அவருக்கும் தெரியும், அவரைச் சந்திக்கும்போதெல்லாம் சொல்லி அவருடைய பொறுமையைச் சோதித்திருக்கிறேன். நம் பகுதியில் எந்தப் பூங்காவுக்கு, எந்தக் கழிப்பிடத்துக்கு, எந்த மேல்நிலைத் தொட்டிக்குப் போனாலும் ஒரு திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது. திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லாப் பெயர்களும் பளிங்கில் இருக்கின்றன. அதைக் குறை சொல்லவில்லை, அது மரியாதை. அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு தகரப் பலகை வைக்கச் சொல்கிறேன். அதில் மூன்று வரி போதும்: கடைசியாகப் பராமரித்த தேதி, அடுத்துப் பராமரிக்க வேண்டிய தேதி, பராமரித்தவர் பெயர். இது என் கற்பனை அல்ல. நாளைக்கு ரயில் நிலையம் போகும் மாணவர்கள் பெட்டியின் முனைப்பக்கத்தைப் பாருங்கள். பி.ஓ.எச். என்னும் குறித்த காலத்துக்கொருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு முடிந்த தேதி, எந்தப் பட்டறை, எப்போது திரும்ப வேண்டும் என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்து ஓடும் பெட்டிக்கு அது உண்டு, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஏன் இருக்கக் கூடாது? உறுப்பினர் அவர்கள் சிரித்துக்கொண்டே தலையசைத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நன்றி ஐயா, சென்று வாருங்கள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். பேச ஒப்புக்கொண்டதே இந்த ஒரு கதைக்காகத்தான். நிலையத்தின் சூரியப் பலகைகள் தரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்ப, வெளிச்சட்டத்தில் நான்கு பெரிய பெட்டிகள் உண்டு. தரையில் வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோ. அவற்றில் ஒன்று சொன்ன பேச்சுக் கேட்காமல் போனதால், 2012 ஆகஸ்ட் 30ஆம் தேதி சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானைச் சேர்ந்த அகிஹிகோ ஹோஷிடேயும் வெளியே போனார்கள். பழைய பெட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் லேசில் வரவில்லை. போராடிக் கழற்றினார்கள். புதிய பெட்டியை உட்காரவைத்து போல்ட்டைத் திருகினால், மரை ஏறவில்லை. ஒருமுறை, இருமுறை, பலமுறை பார்த்தார்கள். ஆறரை மணி நேரம் என்று திட்டமிட்ட வேலை எட்டே கால் மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் பெட்டியைப் பட்டையால் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே திரும்பினார்கள். யோசித்துப் பாருங்கள்: அத்தனை கோடிச் செலவில் கட்டிய நிலையத்தில், எட்டுச் சூரிய மின்தடங்களில் இரண்டு ஒரு போல்ட்டுக்காகச் சும்மா இருந்தன.

மரை ஏறாத போல்ட்டைப் பற்றி என்னைக் கேளுங்கள். என் வாழ்க்கையில் பாதி அதிலேயே போயிற்று. புதிதாக வந்த பையன் மரை ஏறவில்லை என்றால் ஸ்பேனரைப் பெரிதாக எடுப்பான், கையில் குழாயைக் கோத்துப் பலத்தைக் கூட்டுவான். போல்ட் முறியும், பிறகு முறிந்ததைத் துளைத்தெடுக்க ஒரு நாள். பழைய ஃபிட்டர் என்ன செய்வார்? போல்ட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மரையில் விரல் நுனியை ஓட்டுவார். பித்தளைப் பொடியோ இரும்புச் சிராயோ அங்கே இருக்கும். டூல் பெட்டியின் மூலையிலிருந்து வீட்டில் தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ்ஷை எடுப்பார். மண்ணெண்ணெயில் முக்கி, போல்ட்டையும் துளையையும் தேய்த்து, ஊதி, துளி எண்ணெய் விட்டு, கையாலேயே இரண்டு சுற்று ஏற்றிப் பார்ப்பார். கையால் ஏறாததை ஸ்பேனர் ஏற்றக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் இருபது பேர் இருந்தால் இருபது பெட்டியிலும் ஒரு பழைய பிரஷ் கிடைக்கும். என் மனைவி, ‘பிரஷ் தேய்வதற்கு முன்பே உங்கள் பட்டறைக்குப் போய்விடுகிறது’ என்று குறைப்பட்டுக்கொள்வார்.

இப்போது நாசாவின் பொறியாளர்கள் அந்த வாரம் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். துளைக்குள் உலோகச் சிராய் சிக்கியிருக்கிறது என்று கண்டார்கள். நிலையத்துக்குள்ளேயே கிடைத்த பொருள்களைக்கொண்டு கருவி செய்யச் சொன்னார்கள். மின்கம்பியின் முனையைப் பிரித்து ஒரு கம்பிப் பிரஷ் ஆயிற்று. எண்ணெய் தடவுவதற்கு, மாணவர்களே, ஒரு பல் துலக்கும் பிரஷ்! செப்டம்பர் 5ஆம் தேதி இருவரும் மறுபடி வெளியே போய், நைட்ரஜன் வாயுவால் சிராயை ஊதி, துளையைத் தேய்த்து, எண்ணெயிட்டு, போல்ட்டை ஏற்றினார்கள். ஏறியது. கீழே கட்டுப்பாட்டு அறையில் கைதட்டினார்களாம். அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் வீட்டு மாடியில் தனியாக நின்று கைதட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம். அங்கே சுவரைக் காத்தது ஒரு பிரஷ்.

குப்பை, தூக்கம் என்று இரண்டு பாக்கி இருக்கின்றன. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். குப்பையைப் பழைய சரக்குக் கலத்தில் அடைத்து வளிமண்டலத்தில் எரித்துவிடுகிறார்கள் என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன். தூக்கத்தைப் பற்றி நான் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

ஆனால் பதிவேட்டைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நிலையத்தில் உள்ள பைகளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் பார்கோடு உண்டு. எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் பதிவாகிறது. எடுத்ததை வைத்த இடத்தை எழுதாமல் விட்டால், மிதந்து போன பொருளைத் தேடவே ஒரு நாள் போய்விடும். 2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தார். 2035க்குள் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள், அதன் முதல் பகுதியை 2028இல் ஏவப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏவும் நாளில் நாடே பார்க்கும். ஏவிய பிறகு வரும் ஆயிரக்கணக்கான சனிக்கிழமைகளில் வடிகட்டி வலையைத் துடைக்கப்போகிறவர்கள் இந்தக் கூடத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பழகும் இடம் எது? 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீடுதோறும் குழி வெட்டினோமே, அந்தக் குழியின் மணலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நம் தெருவில் எத்தனை வீட்டில் தேதி சொல்ல முடியும்? என் வீட்டில் முடியும். சுவரில் எழுதிவைத்திருக்கிறேன், சித்திரம் எழுதும் திறமை எனக்கு இல்லை, தேதி எழுதத் தெரியும்.

இந்த நூலகத்திலிருந்தே தொடங்கலாம் என்று நூலகர் ஒப்புதல் தந்திருக்கிறார். மோட்டார் அறைக் கதவில் தகரப் பலகையை என் செலவில் அடித்துத் தருகிறேன். தொட்டி கழுவும் அம்மாவின் பெயர் அதில் முதல் வரியில் வரும். அவரிடம் கேட்டேன், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினால் சரி என்றார். நம் பகுதியின் மற்ற இடங்களுக்கான மனுவைத் தட்டச்சு செய்து வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது கையெழுத்திடுங்கள். பேனா இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று எழுதாவிட்டால் மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.