விதி தெரிந்த பையன்

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

டீச்சர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பையன் பதிலைக் கத்திவிடுகிறான். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், “கையைத் தூக்கிட்டுத்தான் பேசணும் மிஸ்” என்று ஒழுங்காகச் சொல்கிறான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கத்துகிறான். தெரிந்தே செய்கிறான், திமிர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது திமிராக இல்லாமல் ஏடிஹெச்டியாகவும் இருக்கலாம்; கவனம் நிலைப்பதும் அவசரத்தை அடக்குவதும் கடினமாகிற மூளை வளர்ச்சிக் குறைபாடு அது.

உளவியலாளர்கள் கோர்டன் லோகனும் வில்லியம் கோவனும் 1984இல் ஒரு சோதனைக்கு விளக்கம் தந்தார்கள். திரையில் வட்டம் வந்தால் இடது பொத்தான், சதுரம் வந்தால் வலது. வேகமாக அழுத்த வேண்டும். எப்போதாவது, உருவம் தெரிந்த அடுத்த கணம் ‘பீப்’ என்று ஒலிக்கும். ஒலித்தால் அழுத்தக் கூடாது. ஆனால் விரல் அதற்குள் கிளம்பியிருக்கும்! ‘அழுத்து’ என்பதற்கும் ‘நில்’ என்பதற்கும் மூளைக்குள் பந்தயம். பெரியவர்களுக்கு அந்த ‘நில்’ வேலைசெய்யச் சுமார் 200 மில்லிநொடி ஆகும். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக அதே வயதுப் பிள்ளைகளைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. விதி மனதில் இருக்கிறது. வந்து சேரத் தாமதமாகிறது.

பிரேக் பிடிக்கும் வேலையில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பிலிப் ஷா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 7.5, ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு 10.5. முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். ஒன்பது வயதுப் பையனிடம் ஒன்பது வயது நிதானத்தைக் கேட்டு அடிக்கிறோமே, அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

சரி, அவசரப்படுகிற பிள்ளைக்கெல்லாம் ஏடிஹெச்டியா? கிடையாது. தூக்கம் கெட்டாலும் பதற்றம் இருந்தாலும் பிள்ளைகள் இப்படி நடப்பார்கள். ஏடிஹெச்டி என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். கண்டறிவது மருத்துவர் வேலை.

வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குத் தள்ளி வரும் பரிசு சீக்கிரம் மதிப்பிழந்துவிடும். ‘மாசக் கடைசியில் சைக்கிள்’ என்பது இந்த நிமிடத்தில் நாக்கைப் பிடித்து நிறுத்தாது. அதனால் கேள்வி கேட்பதற்கு முன்பே அவன் பெஞ்சுப் பக்கம் போய், கையைத் தூக்க நினைவூட்டும் விதமாக, பெஞ்சில் விரலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். கை உயர்ந்ததும் அவனைத்தான் முதலில் கூப்பிடுங்கள். அதுதான் அவனுக்கு உடனடிப் பரிசு.