நொய்ஷ்வான்ஸ்டைன்: பழைய கோட்டையா, மேடை செட்டா?

அடுத்த கேள்வி. "ஜெர்மனியில இருக்கிற நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை எந்தக் காலத்துது? அதைக் கட்டியே ராஜா கஜானாவைக் காலி பண்ணிட்டாராமே, உண்மையா? போனா உள்ள போய்ப் பார்க்கணுமா, வெளியில பார்த்தா போதுமா?" ஒரே மூச்சுல மூணு கேள்வி கேட்டிருக்காங்க.

படத்துல பார்க்க எழுநூறு வருஷம் பழசு மாதிரி இருக்கும். ஆனா அடிக்கல் வச்சது 1869 செப்டம்பர் 5. அது இருக்கிற பவேரியாவுல அப்போ ரயில் ஓட ஆரம்பிச்சே 34 வருஷம் ஆச்சு. அந்தப் பாறை மேல நிஜமாவே பழங்காலத்துக் கோட்டை இடிபாடுகள் இருந்துச்சு. அதை அகற்றி, பாறையையும் வெடி வச்சுக் குறைச்சுட்டுத்தான் இதைக் கட்டினாங்க.

கட்டினவர் பவேரியா ராஜா இரண்டாம் லுட்விக். 1864-ல 18 வயசுல பட்டத்துக்கு வந்தார். 1866 போர்ல ஆஸ்திரியா பக்கம் நின்னு பிரஷ்யாங்கிற பெரிய ஜெர்மன் ராஜ்ஜியத்துகிட்ட தோத்ததோட, கையில இருந்த நிஜமான அதிகாரம் பெரும்பாலும் போயிடுச்சு. இனி ராஜாவா வாழணும்னா அதுக்குத் தனியா ஒரு உலகத்தைக் கட்டிக்கணும். அவர் செஞ்சது அதைத்தான். சின்ன வயசுல வளர்ந்தது கீழே இருக்கிற ஹோஹென்ஷ்வாங்காவ் அரண்மனையில. அதோட சுவர் முழுக்க அன்னப் பறவை வீரன் மாதிரி புராணக் கதை ஓவியங்கள். அதே கதைகளை ஓபெராவா எழுதின ரிச்சர்ட் வாக்னர் மேல அவருக்கு ஒரு பைத்தியமே இருந்துச்சு.

இப்போ முக்கியமான விஷயம். இந்தக் கோட்டையோட தோற்றத்தை முதல்ல வரைஞ்சவர் கட்டடக் கலைஞர் இல்லை, கிறிஸ்டியன் யாங்க்னு மேடைத் திரைச்சீலை வரையிற ஓவியர். அவர் வரைஞ்சதை நிக்கிற கட்டடமா மாத்துறது எடுவார்ட் ரீடலோட பொறுப்பு, அவருக்கு அப்புறம் டோல்மன், கடைசியா ஹாஃப்மன். கோபுரம் எங்க, எவ்வளவு உயரம்னு முடிவு பண்ணினது எதிரி எங்கிருந்து வருவான்னு பார்த்து இல்லை, தூரத்துல நின்னு பார்த்தா எப்படித் தெரியும்னு பார்த்துத்தான். பார்க்கிறவங்களுக்கு இது மேல வர்ற ஈர்ப்புக்குக் காரணமும் இதுதான். பின்னாடி கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் கோட்டைக்கு இது முன்மாதிரி ஆனதுல ஆச்சரியமே இல்லை.

வெள்ளையா தெரியுறது சுண்ணாம்புக்கல், ஆனா அது மேல் போர்வைதான், உள்ள செங்கல். 1879-80-ல மட்டும் 4,00,000 செங்கல், சால்ஸ்பர்க் பளிங்கு 465 டன் மேலே ஏறியிருக்கு, நீராவி கிரேன் உதவியோட. சிம்மாசன மண்டபத்தோட பாரத்தைத் தாங்குறது பூச்சுக்குள்ள மறைஞ்சிருக்கிற இரும்புச் சட்டம். அந்த மண்டபத் தரையில மட்டும் இருபது லட்சம் கல்லுக்கு மேல பதிச்ச மொசைக், மேலே 96 மெழுகுவர்த்தி வைக்கிற சரவிளக்கு. சிம்மாசனம் மட்டும் கிடையாது! அது வர்றதுக்குள்ள ராஜா போயிட்டார்.

வசதிகள் எல்லாம் அந்தக் காலத்துக்கே புதுசு: சூடான காத்தை அறைகளுக்கு அனுப்புற ஹீட்டிங், எல்லா மாடியிலும் குழாய்த் தண்ணி, தானா தண்ணி ஊத்துற கழிப்பறை, வேலையாளைக் கூப்பிட மின்சார மணி. சமையலறையில இறைச்சி சுடுற கம்பி, அடுப்புச் சூடு ஏற ஏற வேகமா சுத்தும்.

கஜானா விஷயம் பாதிதான் சரி. அரசாங்கப் பணத்துல கட்டலை. தன்னோட மானியம், குடும்பக் கடன், பிரஷ்யாவோட பிரதமர் பிஸ்மார்க் ரகசியமா குடுத்த பணம், பத்தாததுக்கு வங்கிக் கடன். 32 லட்சம் மார்க்னு போட்ட மதிப்பீடு, அவர் சாகுறப்போ 62 லட்சம் ஆகியிருந்துச்சு. கூடவே லிண்டர்ஹோஃப், ஹெர்ரென்கீம்ஸேன்னு இன்னும் ரெண்டு அரண்மனை வேலை ஓடுச்சு. அதிகமா விழுங்கினது இது இல்லை, ஹெர்ரென்கீம்ஸேதான். 1885 வாக்குல கடன் 140 லட்சம் மார்க், வங்கிகள் ஜப்தின்னு மிரட்ட, மந்திரிகள் அவரை மனநிலை சரியில்லாதவர்னு அறிவிச்சு 1886 ஜூன்ல இந்தக் கோட்டையில வச்சே பிடிச்சுக் கொண்டு போனாங்க. ஜூன் 13 ஸ்டார்ன்பெர்க் ஏரியில பிணமா கிடைச்சார், கூட அவரோட மனநல மருத்துவர் குடனும். எப்படி இறந்தாங்கன்னு இன்னிக்கும் சண்டை ஓயலை. லுட்விக் இந்தக் கோட்டையில தங்கினது மொத்தமே 172 நாள். அந்நியர் யாரும் வரக்கூடாதுன்னு கட்டின இடத்தை ஏழே வாரத்துல, ஆகஸ்ட் 1, டிக்கெட் போட்டுத் திறந்துட்டாங்க. 2025-ல யுனெஸ்கோ பட்டியலுக்கும் வந்தாச்சு.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். உள்ள போறது நேரம் குறிச்ச டிக்கெட்ல, குழுவாத்தான். சுத்திக் காட்டுறது அரை மணி நேரம்தான், படம் எடுக்க விட மாட்டாங்க. 200 அறைக்கு மேல திட்டம் போட்டதுல முடிஞ்சது பதினஞ்சு வாக்குல, அதனால பெரிய அரண்மனைன்னு நினைச்சுப் போறவங்க ஏமாந்துடுறாங்க. டிக்கெட்ல இருக்கிற நேரம் மேலே வாசல்ல நிக்க வேண்டிய நேரம், கீழே கவுன்டர் நேரம் இல்லை. தவற விட்டா போச்சு. கீழேர்ந்து நடந்தா 40 நிமிஷம் ஏத்தம். குதிரை வண்டி வாசல் வரைக்கும் போகாது, அங்கிருந்தும் கொஞ்சம் ஏறணும். பஸ் மரியன் பாலத்துக்குப் பக்கத்துல இறக்கி விடும். எல்லாரும் போடுற அந்தப் படம் அங்கிருந்து எடுத்ததுதான், கீழே பள்ளத்தாக்கு 90 மீட்டர். நேரம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா என் ஓட்டு பாலத்துக்கு. ஆனா பனி உறைஞ்சா பாலத்தை மூடிடுவாங்க, பஸ்ஸும் ஓடாது. குளிர்காலத்துல போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி அதை விசாரிச்சுக்கங்க.