நள்ளிரவில் தானாக ஓடிய மோட்டார்: குற்றவாளி அகப்பட்டாள்

வணக்கம், வணக்கம். என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், மூன்று இரவுகளாகச் சரியான தூக்கம் இல்லை. ஆனாலும் இன்றைக்கு நான் எரிச்சலில் இல்லை. மோட்டார் பேயைப் பிடித்துவிட்டேன். பிடித்த கதையை உங்களிடம் சொல்லாமல் காபி குடிக்கக்கூட மனம் வரவில்லை. டம்ளர் அதோ ஆறிக்கொண்டிருக்கிறது.

சென்ற காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினேன் அல்லவா? "அக்கா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பிரச்சினைதான். மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறது, கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யாருமே போடவில்லை. அன்றிரவு 2.20க்கு மறுபடியும் அதே கதை. அத்தை எழுந்து வந்து என் அறைக் கதவைத் தட்டி, "உன் மோட்டார் கூப்பிடுகிறது, போய் என்னவென்று கேள்" என்றார். என் மோட்டாராம். தண்ணீர் ஒழுங்காக ஏறும்போது அது வீட்டு மோட்டார். தப்பு செய்தால் மட்டும் என் மோட்டார்.

எங்கள் வீட்டு ஏற்பாடு பழைய ஆட்களுக்கு மனப்பாடம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சித் தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும். அங்கிருந்து ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதை மேலே ஏற்றும். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். இழப்பையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஓடிவிடும். தண்ணீர் வீணாவது ஒரு கவலை. சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றினால் சீல் கருகிப்போகும் என்பது அதைவிடப் பெரிய கவலை. மோட்டாரை இயக்குவது ஒரு குட்டி வைஃபை சுவிட்ச், அதற்குள் டாஸ்மோட்டா என்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மூளை, செருப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. அதில்தான் வீட்டுச் சாதனங்களை மேய்க்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. ஆமாம், இன்னும் அதே செருப்புப் பெட்டிதான். மாற்றப்போவதில்லை, கேட்காதீர்கள்.

என் முதல் சந்தேகம் ரிலே மேல், அதாவது சுவிட்சுக்குள் மின்இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் பாகத்தின் மேல். அந்தக் குட்டி சுவிட்சுக்குள் இருப்பது 10 ஆம்பியர் ரிலே. ஓடும்போது மோட்டார் அவ்வளவு இழுக்காதுதான். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். அந்த அடியை வாங்கி வாங்கி ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். நாம் செயலியில் அணைத்தாலும் மோட்டார் நிற்காது. இதற்குச் சரியான வழி, குட்டி சுவிட்ச் ஒரு கான்டாக்டரை, அதாவது அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ரிலேயை, இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். இதை நானே இரண்டு காணொளிகளில் உங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் மட்டும் செய்யவில்லை. சிரிக்காதீர்கள்.

சரி என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போய் கான்டாக்டர் வாங்கினேன். 780 ரூபாய். பேரம் பேசவில்லை, ஏனென்றால் பில் போட்டுத் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவழைத்து மாட்டினால், 'ணங்' என்று இழுக்க வேண்டிய சாமான் உர்ரென்று உறுமிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். அதை இழுக்கும் காந்தச் சுருள் 415 வோல்ட்! மூன்று முனை இணைப்புக்கானது. வீட்டு இணைப்பு 230 வோல்ட் என்று கடையில் நான் இரண்டு தடவை சொன்னேன், இரண்டு தடவை. மறுபடியும் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். நகரப் பேருந்தில் எங்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் போனது ஒரு மதியம் மட்டும்தான்.

திரும்பும்போது நான்கு கடை தள்ளி அதே கான்டாக்டர், அதே கம்பெனி, அதே 230 வோல்ட் சுருள், விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 640 ரூபாய். நூற்று நாற்பது ரூபாய் வித்தியாசம்! அதற்கு எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு இட்லி மாவு வரும். இதை நான் வாசலில் அத்தையிடம் சொன்னேன், தொலைபேசியில் என் தங்கையிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன். நூற்று நாற்பது!

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன், "ஒரு சாதாரண சுவிட்ச் போட்டால் முடிகிற வேலைக்கு எதற்கம்மா இத்தனை சுற்று?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அப்போது சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

அன்றிரவும் மோட்டார் ஓடியது.

உண்மையில் முதல் நாளே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ரிலே ஒட்டியிருந்தால் செயலியில் அணைத்தபோது மோட்டார் நின்றிருக்காது. என் வீட்டில் ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக நின்றது. அப்படியென்றால் ரிலே நன்றாகவே இருக்கிறது. யாரோ 'ஓடு' என்று சொல்கிறார்கள், அது ஓடுகிறது. கான்டாக்டர் எப்படியும் வேண்டியதுதான், வீண் இல்லை. ஆனால் நோய்க்கு மருந்து அதுவல்ல.

அடுத்து, மோட்டாரைப் போடும் விதிகள் மேல் சந்தேகம். மாலை 6.30க்குத் தொட்டியை நிரப்ப ஒன்று, தண்ணீர் குறைந்தால் நிரப்ப ஒன்று என்று ஹோம் அசிஸ்டன்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் நிறுத்தி வைத்தேன். தொட்டி நிரம்பினால் மோட்டாரை அணைக்கும் விதியை மட்டும் தொடவில்லை. அப்படியும் மோட்டார் ஓடியது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன், வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன், அது வேறு கதை. மோட்டார் ஓடியது.

திருப்பம் சமையலறையில் வந்தது. காலையில் பால் காய்ச்சப் போனால், மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரம் பூஜ்யம் பூஜ்யம் என்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது! எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் மின்விசிறி, விளக்கு, ரவுட்டர், செருப்புப் பெட்டி எல்லாம் இன்வர்ட்டரில் ஓடுபவை. இன்வர்ட்டரில் இல்லாதவை மைக்ரோவேவ், கிரைண்டர், அப்புறம் மோட்டார். மோட்டாரோடு சேர்த்து அதன் குட்டி சுவிட்சும்.

ஹோம் அசிஸ்டன்டின் பதிவேட்டைத் திறந்தேன். 2.07க்கு 'சுவிட்ச் தொடர்பில் இல்லை'. 2.14க்கு தொடர்பில் வந்துவிட்டது. 2.14க்கு மோட்டார் ஓடுகிறது. முந்தைய இரவும் இதேதான், நேரம் மட்டும் வேறு. அந்த 'தொடர்பில் இல்லை'யை நான் முதல் நாளே பார்த்தேன். வைஃபை சிணுங்கல் என்று நினைத்துக் கடந்துபோனேன்.

உடனே சோதித்துப் பார்த்தேன். மோட்டார் இணைப்பின் எம்சிபியை, அதாவது டிரிப் சுவிட்சை, இறக்கி மறுபடி ஏற்றினேன். மோட்டார் உடனே ஓடவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன், ஒன்பதில் 'ணங்'. அந்த ஒன்பது விநாடிதான் என்னைக் காப்பாற்றியது. மின்சாரம் வந்ததுமே ஓடியிருந்தால் அது சுவிட்சின் சொந்தப் புத்தி. ஒன்பது விநாடி கழித்து என்றால்? வைஃபையில் சேர்ந்து, சாதனங்களுக்கு இடையே செய்தி கடத்த செருப்புப் பெட்டியில் இருக்கும் தகவல் பரிமாற்றியைத் தொட்ட பிறகுதான் ஓடுகிறது. யாரோ அங்கே அதன் காதில் ஓதுகிறார்கள்.

இருங்கள், ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட் என்று ஓர் அமைப்பு உண்டு. மின்சாரம் போய் வந்தால் எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். நாம் எதையும் மாற்றாவிட்டால் அது 3, அதாவது முன்பு இருந்த நிலையிலேயே விழிக்கும். மோட்டாருக்கு அது ஆபத்து என்று நான் அன்றே 0 போட்டு வைத்துவிட்டேன், அணைந்த நிலை. அதனால்தான் சுவிட்சின் சொந்தப் புத்தி இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஓதியது யார்? என் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது எம்க்யூடிடி என்ற முறையில். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லென் நிப்பர் என்ற இரண்டு பொறியாளர்கள், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவாக்கியது. என் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அது கொஞ்சம் அதிகம்தான். நடுவில் ஒரு பரிமாற்றி இருக்கும், எல்லோரும் அதனிடம்தான் பேச வேண்டும். நான் வைத்திருப்பது மஸ்கிட்டோ. கொசுவின் பெயர்தான், எழுத்துக்கூட்டில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல்.

இந்த முறையில் 'ரீட்டெய்ன்' என்று ஒரு குறி உண்டு. அந்தக் குறியோடு ஒரு செய்தியை அனுப்பினால் பரிமாற்றி அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, பிறகு யார் புதிதாக வந்து சேர்ந்தாலும் உடனே அதைக் கொடுக்கும். வாசல் பலகையில் பால்காரருக்கு 'இரண்டு பாக்கெட் கூடுதல்' என்று எழுதிவிட்டு அழிக்க மறந்தால் என்ன ஆகும்? பொங்கல் முடிந்து, விருந்தாளிகளும் போய், ஆடி மாதத்திலும் தினம் இரண்டு பாக்கெட் கூடுதலாக வரும். பால்காரர் மேல் குற்றமில்லை.

என் பலகையில் எழுதியிருந்தது, மோட்டாருக்கு 'ஓடு'. எழுதியது நான்.

பொங்கல் விடுமுறையில், சுவிட்சைச் சோதிக்கும் காணொளி போட்டேன், நினைவிருக்கிறதா? எம்க்யூடிடி எக்ஸ்ப்ளோரர் என்ற கணினிச் செயலியில் கட்டளையைத் தட்டி மோட்டார் ஓடுவதைக் காட்டினேன். நேற்று அதைத் திரும்பப் பார்த்தேன். 14ஆவது நிமிடம். அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் ரீட்டெய்ன் கட்டத்தில் நான் டிக் போடுவது பளிச்சென்று தெரிகிறது. "இதையும் போட்டுக்கொள்வோம், நல்லது" என்று வேறு சொல்கிறேன். எது நல்லது? அத்தனை பேர் பார்த்தீர்கள், ஒருவர்கூட "அக்கா, அது எதற்கு?" என்று கேட்கவில்லையே!

'மோட்டார் ஓடுகிறது', 'சாதனம் தொடர்பில் இல்லை' போன்ற நிலைமைச் செய்திகளுக்கு ரீட்டெய்ன் சரி. புதிதாக வருபவருக்கு நிலவரம் தெரிய வேண்டும். கட்டளைக்குப் போட்டால் முடிந்தது கதை. ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பொங்கல் விடுமுறைக் கட்டளை புத்தம் புதிதாக வந்து இறங்கும்.

அப்படியானால் இத்தனை மாதம் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நானும் இந்த இடத்தில்தான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பகலில் மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் மோட்டார் ஓடத்தான் செய்திருக்கிறது. பகலில் தொட்டி கொஞ்சம் காலியாக இருக்கும். தண்ணீர் ஏறி மிதவை சென்சாரைத் தொடும், அணைக்கும் விதி வேலை செய்யும், மோட்டார் நிற்கும். யாருக்கும் தெரியாது. இரவில் தொட்டி ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருக்கிறது. என் விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது? 'மிதவை நிரம்பாத நிலையிலிருந்து நிரம்பிய நிலைக்கு மாறும்போது' அணை. மாறும்போது! ஏற்கெனவே நிரம்பியிருந்தால் எங்கே மாறுவது? ஹோம் அசிஸ்டன்டில் நிலையை வைத்து எழுதும் தூண்டுதல் மாற்றத்துக்குத்தான் விழிக்கும். மாற்றம் இல்லாவிட்டால் தூங்கும், பக்கத்தில் வெள்ளமே போனாலும். இப்போது சில வாரங்களாகத்தான் இரவில் மின்தடை வருகிறது. அதனால் இப்போதுதான் வழிகிறது.

ஆக ஒரே ஆள் செய்த இரண்டு தவறுகள்.

சரிசெய்தது ஐந்து நிமிடத்தில். அந்தக் கட்டளை போன அதே முகவரிக்கு (தலைப்பு என்பார்கள்), அதே ரீட்டெய்ன் குறியோடு, ஒன்றுமே எழுதாத வெற்றுச் செய்தியை அனுப்பினேன். வெற்றுச் செய்தி வந்தால் பரிமாற்றி பலகையைத் துடைத்துவிடும். அடுத்து புதிதாக ஒரு விதி: மோட்டார் எப்போது ஓடத் தொடங்கினாலும் மிதவையைப் பார், நிரம்பியிருந்தால் உடனே அணை. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. டாஸ்மோட்டாவில் பல்ஸ்டைம். இத்தனை நேரத்துக்கு மேல் ஓடாதே என்று சுவிட்சுக்கே சொல்லி வைப்பது. வைஃபை செத்தாலும் செருப்புப் பெட்டி எரிந்தாலும் அது தன் பாட்டுக்கு அணைக்கும். எனக்கு 20 நிமிடம் வேண்டும், 1200 விநாடி. ஆனால் 1200 என்று போடக்கூடாது! 111 வரை உள்ள எண்கள் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 112இலிருந்து முழு விநாடிக் கணக்கு, அதோடு 100 கூட்டிப் போட வேண்டும். ஆகவே 1300. எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ தெரியாது, ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 1300.

மேகத்தில், அதாவது கம்பெனியின் இணைய சர்வர் வழியாக, இயங்கும் சாதனம் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, மேகத்தில் இருந்தால் அந்த ஒன்பது விநாடியை நான் எண்ணி மட்டும் என்ன பயன்? பதிவேடு என் கையில் இருந்ததால் பிடித்தேன். அங்கே இருந்திருந்தால் 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும்.

இப்போது உங்கள் முன்னாலேயே காட்டுகிறேன். கேமராவைத் திருப்புகிறேன், விரல் மறைக்கிறதா? சரி. எம்சிபியை இறக்குகிறேன். ஏற்றுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினைந்து வரை எண்ணுவோம். பார்த்தீர்களா? சத்தமே இல்லை! கான்டாக்டர் அசையவில்லை! பேய் போய்விட்டது!

(சமையலறையிலிருந்து குரல்: "குழாயில் தண்ணீர் வரவில்லையே!")

என்ன அத்தை? நேற்றுத்தானே... ஐயோ. மாலை 6.30 விதி. மூன்று நாளைக்கு முன் நிறுத்தினேன் அல்லவா, திரும்பப் போடவே இல்லை. குறைந்தால் நிரப்பும் விதியும் அப்படியே கிடக்கிறது. இத்தனை நாள் தொட்டியை நிரப்பியதே...

(குரல்: "பேய் இருந்தவரை தண்ணீராவது வந்தது!")

கேட்டுவிட்டீர்கள் அல்லவா? இதை நான் வெட்டமாட்டேன், அப்படியே போடுகிறேன். இருங்கள், செயலியைத் திறக்க நேரமில்லை, கையாலேயே அமுக்கிவிட்டு வருகிறேன்.

(ணங்.)