சேறு காத்த ஊர்

(இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூடுகையில் பேசியது. பேச்சின் ஓசை கெடாமல் எழுத்தில் தந்திருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

அடுத்த மாதம் நாம் எல்லாரும் சேர்ந்து யார்க் நகரத்துக்குப் போகிறோம். அதற்கு முன் அந்த ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பதினைந்து வருஷமாக நேரம் கிடைக்கும்போதெல்லாம் ரயிலேறிப் போய் வருகிற ஊர் அது. பேசச் சொன்னதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது.

கி.பி. 71இல் ரோமானியப் படையின் ஒன்பதாம் லீஜியன், அதாவது ஒன்பதாம் படைப்பிரிவு, ஊஸ் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டியது. அதற்கு எபோராக்கம் என்று பெயர். இன்றைய யார்க் அதுதான். 208இல் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் பிரிட்டனுக்கு வந்தார். வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் போர் நடத்தினார். 211 பிப்ரவரியில் யார்க்கில் இறந்தார். உடலை எரித்துச் சாம்பலை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். 306இல் இன்னொரு பேரரசர் கான்ஸ்டான்டியஸ் இதே ஊரில் இறந்தார். படைவீரர்கள் அவருடைய மகன் கான்ஸ்டன்டைனை அங்கேயே பேரரசராக அறிவித்தார்கள். கிறிஸ்தவ மதத்துக்கு ரோமப் பேரரசின் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

இரண்டு பேரரசர்கள் உயிர்விட்ட ஊர். செவரஸின் சிதையை எங்கே மூட்டினார்கள்? இந்த இடம்தான் என்று உறுதியாகக் காட்ட இன்று ஒருவராலும் முடியாது. அதே ஊரில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேர் தெரியாத ஒரு மனிதர் ஒருநாள் மலம் கழித்தது அப்படியே கிடைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதில் தப்பில்லை. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். பேரரசரின் சிதை போன இடம் தெரியாமல் போனதும், இது மட்டும் தங்கியதும் எப்படி? இன்றைய என் பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

யார்க் இரண்டு ஆறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஒன்று ஊஸ், இன்னொன்று அதில் வந்து கலக்கும் ஃபாஸ். ஆறுகள் கூடும் அந்தத் தாழ்ந்த பகுதியில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மக்கள் குப்பையைக் கொட்டி, அதன் மேலேயே வீடு கட்டி, அது இடிந்ததும் அதன் மேல் அடுத்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் அந்த அடுக்கு ஒன்பது மீட்டர் ஆழம். ஆற்று ஈரம் அதில் எப்போதும் ஊறி நிற்கும். ஈரம் நிறைந்த மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பொருளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை வேலை செய்ய முடியாது. நம் வீட்டில் ஊறுகாய்ச் சாடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி வைப்போமே, யார்க்கின் அடிமண்ணும் அப்படி வாய் கட்டிய சாடிதான்.

காய்ந்த மண்ணில் கல் மிஞ்சும், பானை ஓடு மிஞ்சும், எலும்பும் உலோகமும் ஓரளவு மிஞ்சும். மரம், தோல், கம்பளி, கயிறு, விதை எல்லாம் போய்விடும். ஏழை வீட்டில் இருப்பதெல்லாம் இந்தப் போய்விடுகிற சாமான்கள்தாம். யார்க்கின் சேற்றில் அவை தங்கின.

இப்போது காப்பர்கேட் தெருவுக்கு வாருங்கள். யார்க்கில் 'கேட்' என்று முடிகிற பேர்கள் நிறைய. ஸ்டோன்கேட், மிக்கிள்கேட் என்று வரிசையாக வரும். இந்தக் 'கேட்' கதவைக் குறிக்காது. தெருவைக் குறிக்கும் பழைய வைக்கிங் சொல் அது. 866 நவம்பர் முதல் தேதி யார்க்கைப் பிடித்த டென்மார்க், நார்வே பக்கத்து மக்கள் விட்டுப்போன சொல். காப்பர்கேட்டைச் செம்புத் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பை கடைவோர் தெரு என்று அர்த்தம். நம் ஊரில் கடைசல் பட்டறை என்போமே, அந்தப் பட்டறைக்காரர்கள் இருந்த தெரு.

அங்கே ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை இருந்தது. அதை இடித்த பிறகு, புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன், 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்தது. நடத்தியது யார்க் தொல்லியல் அறக்கட்டளை, அந்த அறக்கட்டளைக்குத் தலைமை தாங்கியவர் பீட்டர் ஆடிமேன். 40,000 பொருள்கள் கிடைத்தன. தோண்டிக்கொண்டிருந்தபோதே லட்சக்கணக்கான பொதுமக்கள் வரிசையில் நின்று குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே இருந்தது ஒரு தெரு. விளாறுகளைத் தட்டியாகப் பின்னிய சுவர்கள் இடுப்பளவு உயரத்துக்கு நின்றன. நடுவில் அடுப்பு. தெருப்பக்கம் முகப்பு, பின்னால் நீளமான கொல்லை. கொல்லையில் கிணறு, கழிப்புக் குழி. மனைக்கும் மனைக்கும் இடையே வேலி. 10ஆம் நூற்றாண்டில் போட்ட அந்த வேலிக் கோடுகள் பெரிதும் மாறாமல் 20ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் வரை வந்திருந்தன என்பதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசர்கள் மாறினார்கள், மொழி மாறியது, 1066க்குப் பிறகு பிரான்ஸ் பக்கத்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தின் வடபகுதியையே எரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்த எல்லை மட்டும் மாறவில்லை.

கடைசல்காரர் கிண்ணம் கடையும்போது நடுவில் ஒரு மரக்குமிழ் மிஞ்சும். அதைத் தட்டி உடைத்துத் தூர எறிவார். அந்தக் குமிழ்கள் குவியலாகக் கிடைத்தன. தெருவின் பேர் சரிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? தோல் செருப்புகளும், அவற்றை வெட்டிய துண்டுகளும் கிடைத்தன. ஒரு கம்பளிக் காலுறை கிடைத்தது. இரண்டு ஊசியால் பின்னும் வழக்கம் வருவதற்கு முந்தைய காலம், ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்தது. ஒரு கால்தான் இருக்கிறது. அதன் எதிரே நான் நிற்காத முறை கிடையாது. குளிருக்கு நடுங்கிய யாரோ ஒருவருக்காக யாரோ ஒருவர் கண் வலிக்கக் கோத்தது அது.

பட்டுத் தலைமூடியும் செங்கடல் பக்கத்துச் சோழியும் கிடைத்தன. சமர்கந்து நாணயத்தைப் பார்த்து அடித்த போலி நாணயம் ஒன்றும் உண்டு. உலகத்தின் ஒரு மூலையில் கிடந்த ஊர் என்று யார்க்கை இனி யாரும் சொல்ல முடியாது.

அகழாய்வு முடிந்த பிறகும் அந்த மண் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1982 மே மாதம் கட்டட வேலையில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டியவர், வாளி எதிலோ தட்டியது தெரிந்து நிறுத்தினார். எடுத்துப் பார்த்தால் ஒரு தலைக்கவசம். வைக்கிங்குகள் வருவதற்கு நூறு வருஷம் முந்தையது, 8ஆம் நூற்றாண்டு. பித்தளைப் பட்டையில் லத்தீன் பிரார்த்தனையும் ஓஷெரே என்ற பேரும் இருக்கின்றன. அந்த ஓட்டுநர் ஒரு நொடி அசட்டையாக இருந்திருந்தால் அது லாரியேறிப் போயிருக்கும். அவர் நிறுத்தினாரே, அதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி அந்தக் கண்ணாடிப் பெட்டி. 1972இல் பேவ்மென்ட் என்ற தெருவில் லாய்ட்ஸ் வங்கிக்குக் கட்டடம் கட்டுமிடத்தில் கிடைத்தது. 20 சென்டிமீட்டர் நீளம். ஈரத்தில் கனிமம் ஏறி இறுகிப்போனது. ஆய்வாளர்கள் முகம் சுளிக்காமல் அதை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். தவிடு நீக்காத தானியமும் இறைச்சியும் சாப்பிட்டவர். வயிற்றில் சாட்டைப்புழுவும் நாக்குப்பூச்சியும் நிறைய இருந்தன, முட்டைகள் இன்னும் அதில் இருக்கின்றன. அவருக்கு அடிக்கடி வயிறு வலித்திருக்கும். கிணறும் கழிப்புக் குழியும் ஒரே கொல்லையில் அருகருகே இருந்தால் வேறென்ன ஆகும்? வைக்கிங் என்றதும் நம் மனதில் வாள் ஏந்திய வீரன் வருகிறான். எனக்கு இப்போதெல்லாம் இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்த ஒரு மனிதர்தான் வருகிறார்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டாமல் இருப்பதே அதற்கு நல்லது, ஈரம் இருக்கும் வரை. மேலே கட்டடம், வடிகால், ஆழமான அடித்தளம் என்று வரும்போது நிலத்தடி ஈரம் குறைகிறது. ஈரம் குறைந்தால் காற்று இறங்கும். ஆயிரம் வருஷம் நின்ற மரம் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், நமக்கு மேலே சத்தமே கேட்காது. 1979இல் வந்த சட்டம் இங்கிலாந்தில் ஐந்து பழைய நகரங்களைத் தொல்லியல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளாக அறிவிக்க வழி செய்தது. யார்க் அவற்றில் ஒன்று. கட்டடம் கட்டுவோர் அகழாய்வுக்கு நான்கரை மாதம் வரை அவகாசம் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். நான்கரை மாதம்! காப்பர்கேட்டுக்கு ஐந்து வருஷம் ஆனது.

தண்ணீர் எப்போதும் நண்பனாகவும் இருப்பதில்லை. காப்பர்கேட் குழி இருந்த இடத்திலேயே 1984இல் யோர்விக் வைக்கிங் மையம் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். 2015 டிசம்பரில் ஃபாஸ் ஆறு பொங்கி அதற்குள் புகுந்தது. திரும்பத் திறக்க 2017 ஏப்ரல் ஆயிற்று.

நான் யார்க்குக்குப் போகும்போது தவறாமல் பார்க்கும் இன்னொருவர் ஓர் இளம்பெண். வயது இருபதை ஒட்டி. 4ஆம் நூற்றாண்டு, ரோமானியக் காலம். 1901இல் கற்பெட்டிக்குள் கிடைத்தார். கூட வைத்திருந்தவை: நீலக் கண்ணாடிக் குடுவை, மணிகள், காதணி, முகம் பார்க்கும் கண்ணாடி, வளையல்கள். வளையல்களில் சில யானைத் தந்தம், வெள்ளை. சில ஜெட், கன்னங்கரேலென்று. ஜெட் என்பது புதைந்த மரம் பல கோடி வருஷத்தில் இறுகியது, யார்க்ஷையரின் விட்பி கடற்கரையில் கிடைப்பது. தூர தேசத்து வெள்ளையும் உள்ளூர்க் கறுப்பும் ஒரே பெட்டியில். எலும்புத் தகடு ஒன்றில், 'சகோதரியே வாழ்க, இறைவனில் வாழ்வாயாக' என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறது. 2010இல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் மண்டையோட்டையும் பல்லையும் ஆராய்ந்து, இவர் முன்னோரில் ஆப்பிரிக்கக் கலப்பு இருந்திருக்கலாம், சிறுவயதில் இதைவிடச் சூடான ஊரில் வளர்ந்திருக்கலாம் என்றார்கள். இந்த ஊரின் பழைய மனிதர்கள் யார் என்று உங்கள் பிள்ளையிடம் பள்ளியில் யாராவது கேட்டால், இந்தப் பெண்ணையும் சொல்லச் சொல்லுங்கள்.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1190 மார்ச் 16. யார்க்கில் வாழ்ந்த யூதர்கள், சுமார் 150 பேர், கும்பலுக்குப் பயந்து அரசரின் மரக்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெளியே சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே பலர் தங்கள் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டார்கள். கோட்டை எரிந்தது. உயிரோடு விடுகிறோம் என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். பிறகு அந்தக் கும்பல் பேராலயத்துக்குப் போய், யூதர்களிடம் வாங்கிய கடனுக்காக எழுதி அங்கே வைத்திருந்த பத்திரங்களை எரித்தது. கொலைக்கு மதம் ஒரு காரணம், கடன் இன்னொரு காரணம். இன்று அந்த மேட்டில் நிற்கும் கிளிஃபர்ட்ஸ் டவர் பின்னால் கல்லில் கட்டியது. மார்ச் மாதத்தில் மேடு முழுக்க டாஃபடில் மஞ்சளாகப் பூத்திருக்கும். அங்கே குழந்தைகள் சரிவில் உருண்டு விளையாடுவார்கள். நாம் கொஞ்சம் நின்றுவிட்டு மேலே ஏறுவோம்.

ஊருக்கு வெளியே ஜூபரி என்ற இடத்தில் யூதர்களின் இடைக்கால இடுகாடு இருந்தது. 1980களில் அங்கே கார் நிறுத்துமிடம் அமைக்க வேண்டிவந்தபோது கிட்டத்தட்ட 500 பேரின் எலும்புகள் வெளிவந்தன. யூத மதத் தலைவர்கள் கேட்டுக்கொண்டபடி 1984இல் அவற்றை மறுபடி அடக்கம் செய்தார்கள். இன்னும் சில வருஷம் கையில் இருந்திருந்தால் ஆய்வாளர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள்தான். திருப்பிக் கொடுத்தது சரி என்பதே என் எண்ணம்.

சரி, பயணத் திட்டத்துக்கு வருகிறேன். காலையில் நகர மதில் மேல் நடப்போம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. 1800இல் நகராட்சியே இதை இடித்துவிட முயன்றது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பிறகும் ஆபத்து வந்தபோது, ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் பல வருஷம் போராடினார்கள். அடுத்து மின்ஸ்டர் பேராலயம். 1967இல் அதன் நடுக்கோபுரம் அமிழ்கிறது என்று கண்டு அடித்தளத்தைத் தோண்டியபோது, கீழே ரோமானியப் படைத் தலைமையகம் இருந்தது. கீழ்த்தளத்தில் ரோமானியர் வெட்டிய வடிகாலைக் காட்டுவார்கள். விழுந்து கிடந்த தூண் ஒன்றை, ஊருக்கு 1900 வயதான 1971இல் எதிர்ப்புறம் நிறுத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காப்பர்கேட்.

கடைசியாக ஒன்று. ரோமானியச் சட்டப்படி ஊருக்குள் யாரையும் புதைக்கக்கூடாது. எல்லா இடுகாடும் கோட்டைக்கு வெளியே, சாலையோரம். 1870களில் யார்க்கின் இன்றைய ரயில் நிலையத்தைக் கட்டியபோது அப்படிப்பட்ட ஓர் இடுகாட்டைத் தோண்டித்தான் கட்டினார்கள். அந்த ஊரில் கிடைத்த ரோமானியக் கற்பெட்டி ஒன்றின் மேல், ஆறாம் லீஜியனைச் சேர்ந்த ஃபெலிசியஸ் சிம்ப்ளெக்ஸ் என்பவர் தன் மகள் சிம்ப்ளிசியா ஃப்ளோரன்டினாவுக்காக வெட்டச் சொன்ன எழுத்து இருக்கிறது. 'மிகவும் மாசற்ற ஆத்மா. பத்து மாதம் வாழ்ந்தாள்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

ரயிலை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை நடைமேடையில் ஓடவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைச்சட்டை எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.