கையெழுத்துக்கு அடியில் ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி.

நான் ஜியாலஜி, அதாவது நிலவியல் படித்து, இருபத்தைந்து ஆண்டுகளாக அதே வேலையில் இருப்பவள். வீடோ கோயிலோ பள்ளிக்கூடமோ, கட்டுவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அந்த வேலையை யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று நம் தென்னாப்பிரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு செப்டம்பரில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஓர் இளம் தம்பதி என் வீட்டுக்கு வந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம், நம் இந்திய மக்கள் வாழும் லெனேசியாவுக்குத் தெற்கே மனை வாங்கியிருந்தார்கள். பூமி பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. பையன் கையில் ஒரு மண் அறிக்கை. "அக்கா, இது சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்றான். மொத்தம் இரண்டு பக்கம். இயந்திரத்தால் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்ததாகவும், மண் உறுதியாக இருப்பதாகவும், சாதாரண அஸ்திவாரமே போதும் என்றும் எழுதியிருந்தது. கீழே ஒரு பெயர், ஒரு கையெழுத்து. பதிவு எண் மட்டும் இல்லை.

சட்டப்படி பதிவு பெற்ற நிலவியலாளர்களின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டும் தேடிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அந்த இரண்டு பக்கத்துக்கு அவர்கள் கொடுத்த பணத்தைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பணம் போனதுகூட இரண்டாவதுதான். அந்த மனை இருந்தது டோலமைட்டின் மேல்.

டோலமைட் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கௌடெங் மாகாணத்தில் ஏறக்குறைய கால் பங்கு நிலத்துக்கு அடியில் இருக்கும் பாறை அது. வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல். லெனேசியாவின் சில பகுதிகள், பிரிட்டோரியா பக்கம் லாடியம், சென்சூரியன், மேற்கே கார்ல்டன்வில் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. நம் மக்கள் லெனேசியாவையும் லாடியத்தையும் தாங்களாகத் தேர்ந்தெடுத்துக் குடிபோகவில்லை. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நகருக்குள்ளிருந்து பிடுங்கி அங்கே கொண்டுபோய் வைத்தது. காலுக்கடியில் என்ன பாறை என்று கேட்கும் நிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. இன்று கேட்க முடியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறைக்குள் இறங்குகிறது. டோலமைட் அந்த நீரில் மெல்ல மெல்லக் கரையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படிக் கரைந்து குகைகள் உண்டாகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையும் அப்படி உண்டானதுதான். குகையின் கூரைக்கு மேல் மண் கிடக்கும்வரை மேலே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. குழாய் ஒன்று உடைந்து மாதக்கணக்கில் கசிந்தால், அந்தத் தண்ணீர் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உள்ள வெற்றிடத்துக்குள் கழுவிக்கொண்டு போகும். ஒருநாள் தரை உள்ளே போய்விடும். இதைத்தான் சிங்க்ஹோல் என்கிறோம். நகர்ப்புறத்தில் உண்டாகும் சிங்க்ஹோல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கசிகிற குழாயும் தேங்குகிற மழைநீரும்தான்.

இன்னொரு காரணம் நிலத்தடி நீர்மட்டத்தை இறக்குவது. தங்கச் சுரங்கங்களுக்குள் வெள்ளம் வராமலிருக்க ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, மேற்கு ரான்ட் பகுதியில் டோலமைட்டிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். நீர் தாங்கிக்கொண்டிருந்த மண்ணுக்குப் பிடி போயிற்று. 1962 டிசம்பரில் வெஸ்ட் ட்ரீஃபோன்டைன் சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை அப்படியே பூமிக்குள் போனது. 29 பேர் இறந்தார்கள். 1964-இல் பக்கத்து பிளைவூர்யூட்சிக்ட் சுரங்கக் குடியிருப்பில் ஒரு வீடு இரவில் விழுங்கப்பட்டு, ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் போனார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டு சம்பவங்களைத்தான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கே இயற்கை அறிவியலாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் முதலில் 1982-இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டம். அதன்படி நடக்கும் மன்றத்தைத் தொழிலில் இருப்பவர்கள் சாக்னாஸ்ப் என்று சுருக்கிச் சொல்வோம். வேதியியல், தாவரவியல் படித்தவர்களும் அதே மன்றத்தில்தான் பதிகிறார்கள், அவரவர் துறையின் பெயரில். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் வேலையைப் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யலாம் என்கிறது சட்டம். பதியாமலே பதிந்தவர்போலப் பட்டம் போட்டுக்கொள்வது குற்றம்.

முழுப் பதிவு பெற, இளங்கலைக்கு மேல் படிக்கும் ஹானர்ஸ் பட்டம் வேண்டும், அதற்குமேல் மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். முதுகலை முடித்தவருக்கு இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு. தேர்வு கிடையாது. என்ன வேலை செய்தாய், எதற்குப் பொறுப்பேற்றாய் என்று விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பதிவில் உள்ள மூத்தவர்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். அனுபவம் நிரம்பாதவர்களைக் கேன்டிடேட் என்று பதிவார்கள். அவர்கள் வேலை செய்யலாம், ஆனால் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான். தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்து இங்கே வந்த தம்பி தங்கைகள் முதலில் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஜியாலஜிகல் சொசைட்டி என்று ஒன்று 1895 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. நல்ல சங்கம், நானும் அதில் உறுப்பினர். ஆனால் சங்கத்தில் சந்தா கட்டுவது வேறு, சட்டப்படி பதிவது வேறு. கார்டில் சங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு "பெரிய ஆள்தான்" என்று நம்பிவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து பதிவு எண்ணைக் கேளுங்கள்.

பலர் குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. பொறியாளருக்கு வேறு மன்றம், 2000-ஆம் ஆண்டில் வந்த வேறு சட்டம். அஸ்திவாரம் எவ்வளவு தடிமன், கம்பி எத்தனை என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிறவர் பொறியாளர். அந்த அஸ்திவாரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லுகிறவர் நிலவியலாளர். டோலமைட் நிலத்துக்கென்றே சான்ஸ் 1936 என்று ஒரு தேசியத் தரவிதி இருக்கிறது. தகுதி பெற்றவர் செய்ய வேண்டியவை என்று அது சில வேலைகளைப் பிரித்து வைக்கிறது. நிலத்தின் ஆபத்தை 1 முதல் 8 வரை வகைப்படுத்தி, எந்த வகையில் என்ன கட்டலாம், தண்ணீர்க் குழாய்க்கு என்ன முன்னெச்சரிக்கை என்று சொல்கிறது. அறிக்கை எங்கள் கையோடு முடிவதும் இல்லை. அரசின் புவி அறிவியல் மன்றம் அதைப் படித்துப் பார்க்கிறது. கேள்வி கேட்டுத் திருப்பியும் அனுப்புவார்கள். எனக்கு வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் மறுபடி களத்துக்குப் போயிருக்கிறேன்.

புவி இயற்பியலாளர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். துளை போடுவதற்கு முன்னால் அவர் ஈர்ப்புமானி என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு, பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக, மனை முழுக்க நடப்பார். அடியில் கெட்டியான பாறை மேலாக இருந்தால் ஈர்ப்பு ஒரு துளி கூடும். ஆழமாக மக்கியிருந்தாலும் வெற்றிடம் இருந்தாலும் குறையும். நம் உடம்பு உணராத வித்தியாசம், கருவி உணரும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் எங்கே துளைப்பது என்று நான் முடிவு செய்வேன். துளைக்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரம் பிடிப்போம், மேலே வரும் கல்தூளை மீட்டர் மீட்டராகத் தரையில் குவித்து வைப்போம். கெட்டிப் பாறை வந்தபின் அதற்குள் இன்னும் 6 மீட்டர் இறங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தட்டுப்பட்டது மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் வெறும் பாறைத்துண்டாகவும் இருக்கலாம். இதையெல்லாம் இரண்டு மீட்டர் குழியில் எப்படிப் பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவில் புவி இயற்பியலாளருக்கென்று தனிச் சட்டம் இல்லை, அதே மன்றத்தில்தான் பதிகிறார்கள். கலிபோர்னியாவில் வேறு மாதிரி. அங்கே மலைச்சரிவுகளில் வீடு கட்டிக் கட்டி, மழையில் சரிந்து சரிந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1952-இல் சரிவு நிலத்தை வெட்டி நிரப்பவே விதி போட்டது. 1960-களின் இறுதியில் மாநிலமே நிலவியலாளருக்கு உரிமம் கட்டாயம் என்றது. பின்னர் புவி இயற்பியலாளருக்கும் தனி உரிமம் வந்தது. இரண்டுக்கும் தேர்வு உண்டு. நம் நாட்டிலும் தேர்வு வேண்டும் என்பது என் கருத்து. சாட்சிக் கடிதம் எழுதித் தருகிற மூத்தவர் இளகிய மனசுக்காரராக இருந்துவிட்டால், அரைகுறையாகப் பழகியவரும் உள்ளே வந்துவிட முடிகிறது.

சுரங்கத்தில் பணம் போடுகிறவர்களுக்கும் இது வேண்டிய சேதிதான். 1997-இல் ப்ரீ-எக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் இந்தோனேசியத் தங்கம் பொய் என்று தெரிந்தது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். பலருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு அதோடு போனது. இங்கே 2000-இல் வந்த சாம்ரெக் விதித்தொகுப்பு, கனிம இருப்புக் கணக்குக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வகைக் கனிமத்தில் அவருக்கு ஐந்து ஆண்டு அனுபவமாவது இருக்க வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா நேட்டாலில் டண்டி பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். 1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினார்களே, அந்தச் சமயத்தில் அவரும் வெளியே வந்தவர் என்று ஆயா சொல்வார். கூரை நிற்குமா என்று அவர்களுக்கு யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை. விழுந்தால் கேட்பதற்கும் ஒரு பெயர் இல்லை. பதிவு எண்ணை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். தவறு செய்தால் பதிவு மன்றத்தில் என்மேல் புகார் கொடுக்கலாம். விசாரித்து அபராதம் போடலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், ஒரேயடியாக நீக்கியும் விடலாம். எண் இல்லாதவரைப் போய் எங்கே தேடுவீர்கள்?

கேன்டிடேட் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டம் வாங்கி, வேலைக்கும் சேர்ந்து, ஆறு ஏழு ஆண்டாகியும் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர். களத்தில் வெயிலில் நின்று துளைக் குறிப்பு எழுதுவது அவர்கள், அறிக்கையில் வருவது வேறொருவர் பெயர். நானே முதல் வேலையில் அப்படி நான்கு ஆண்டு இருந்தேன். என்னை வழிநடத்த ஆள் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள். அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால் வெளியே உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். இன்று எந்த இடத்தில், எத்தனை மீட்டர், என்ன முடிவெடுத்தேன் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கேட்பது அதைத்தான்.

அந்தத் தம்பதியின் மனையில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. ஈர்ப்பு அளந்தோம், துளைகள் போட்டோம். வீட்டுக்கு என்று குறித்திருந்த மூலையில் 14 மீட்டரில் துளைத்தண்டு சட்டென்று கீழே நழுவியது, உள்ளே செலுத்திய காற்றும் திரும்பி வரவில்லை. அடியில் வெற்றிடம் என்று அர்த்தம். மனையின் மறுபக்கத்தில் பாறை மேலாகவும் கெட்டியாகவும் இருந்தது. அறிக்கை புவி அறிவியல் மன்றத்துக்குப் போய், இரண்டு கேள்விகளோடு திரும்பி வந்து, மறுபடி போய், ஒப்புதல் கிடைத்தது. வீடு இப்போது அந்தப் பக்கத்தில் எழும்புகிறது. கூரைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகக் கால்வாய், இணைப்பு கசியாத குழாய், எல்லாம் சேர்த்து.

அந்த மனையில் நான் வேலை தொடங்கின முதல் நாள், அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "எங்கேம்மா, உன் நம்பரைச் சொல்லு" என்றார். சொன்னேன். பேத்தியின் போனில் ஒவ்வோர் இலக்கமாகத் தட்டச் சொல்லி, பெயரும் துறையும் சரிதானா என்று படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகுதான் கேட்டைத் திறந்துவிட்டார்.

நன்றி. வணக்கம்.