மூக்குத் தண்டு அறுவை: முன்னும் பின்னும் ஓர் அளவு

நேயர்களுக்கு வணக்கம். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கங்களிலிருந்து மூக்கடைப்பு என்று வருபவர்களில் பலர், ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்டு வளைஞ்சிருக்காம் டாக்டர், ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடுமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரைத்தான் தண்டு என்கிறோம். படம் அதன் வளைவைக் காட்டும். அவ்வளைவு காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டாது. தண்டு வளைந்திருந்தும் எந்தத் தொல்லையுமின்றி வாழ்பவர்கள் ஏராளம். ஆகவே கத்தியை எடுக்கும் முன் காற்றோட்டத்தை அளந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மூக்கின் கீழே குளிர்ந்த எவர்சில்வர் தகட்டைப் பிடித்து, மூச்சு விடும்போது இருபுறமும் படியும் ஆவியின் அகலத்தை ஒப்பிடுவது பழைய முறை. எந்தப் பக்கம் அடைப்பு என்பது அதில் தெரியும்; எண் கிடைக்காது. எண்ணைத் தருவது ரைனோமானோமெட்ரி என்னும் சோதனை. ஒரு நாசித்துளையைக் காற்றுப் புகாமல் அடைத்து, அந்த அடைப்பின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினால், அது மூக்கின் பின்புறத்து அழுத்தத்தை உணர்கிறது. அதே நேரத்தில், வாயை மூடி, முகமூடிக்குள் இயல்பாக மூச்சு விடுபவரின் மறு துளையில் நொடிக்கு எத்தனை மில்லி லிட்டர் காற்று ஓடுகிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. 150 பாஸ்கல் அழுத்தத்தில் ஓடும் காற்றையே பொதுவாகக் குறித்துக்கொள்கிறோம். அது ஒன்றரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அதைக்கூட எட்ட முடியாதவர்களுக்கு 75 பாஸ்கலில் பார்ப்பதுண்டு.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூக்கினுள் உள்ள சதையும் சவ்வும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி மாறி வீங்கிச் சுருங்குவது இயற்கை. ஆதலால் காலையில் இடப்பக்கம் அடைத்திருந்தது மாலையில் வலப்பக்கமாகியிருக்கலாம். இதைத் தாண்டிப் பார்க்க, முதலில் ஒருமுறை அளந்துவிட்டு, சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து விட்டுச் சவ்வு சுருங்கிய பின் மறுபடி அளக்கிறோம். மருந்துக்குப் பின் காற்று தாராளமாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் சவ்வுதான்; தண்டைத் தொடும் முன் ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மருந்து விட்டும் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால்தான் தண்டின் மீது சந்தேகம் வலுக்கிறது. அதற்காக அந்தச் சொட்டு மருந்தை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாரக்கணக்கில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவே மூக்கை அடைத்துவிடும்.

மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வருபவரை உடனே அளக்கக் கூடாது. உடல் உழைப்பு சவ்வைச் சுருக்கும் என்பதால், அரை மணி நேரமாவது உட்காரவைத்த பிறகே தொடங்குவோம். அறுவைக்குப் பிந்தைய அளவையும் வீக்கமும் பொருக்கும் அடங்க மூன்று மாதமாவது விட்டு, அதே முறையில் எடுக்க வேண்டும். போகிப் புகையில் ஓர் அளவும் சித்திரை வெயிலில் ஓர் அளவுமாக எடுத்து ஒப்பிட்டால், வித்தியாசம் அறுவையால் வந்ததா, புகையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

எண்ணும் உணர்வும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறதே, அப்போது ஓடும் காற்று கூடுவதில்லை. மெந்தால் குளிர்ச்சியை அறியும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவே. ஆகவே அடைப்பு, தூக்கம், உழைக்கும்போது மூச்சு ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு நோயாளி தரும் மதிப்பெண்ணையும் அளவோடு சேர்த்தே படிக்கிறோம். எண் கூடியும் "இன்னும் அடைப்பாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம், மூச்சை இழுக்கும்போது மூக்கின் முன்பக்கச் சுவர் உள்வாங்குகிறதா, தூசி ஒவ்வாமை தொடர்கிறதா என்று தேடுகிறோம். அவை தெளிவாகாமல் இரண்டாவது அறுவைக்கு நாள் குறிப்பதில்லை.