மேற்கிலிருந்து வந்த லென்னி

நண்பர்களே, வணக்கம். அட்லாண்டிக் கடலின் கடும்புயலான ஹரிக்கேன் என்றதும், 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனாவைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் 1999 நவம்பரில் கரீபியன் கடலில் வந்த லென்னி என்ற ஹரிக்கேனை எடுத்துக்கொள்கிறேன்.

கரீபியன் கடலில் புயல்கள் பெரும்பாலும் கிழக்கே இருந்து மேற்கே போகும். அங்கே வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றும் அப்படித்தான். அதனால் கிழக்கே அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில் எப்போதும் அலை அடித்துக்கொண்டே இருக்கும். கடல் அமைதியாக இருக்கும் மேற்குக் கரையில்தான் பல தீவுகளில் துறைமுகம், ஓட்டல், மீன்பிடிப் படகு எல்லாம். தீவே கிழக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள்.

லென்னி மேற்குக் கரீபியனில் நவம்பர் 13-ஆம் தேதி உருவாகிக் கிழக்கே கிளம்பியது! புயல் தானாக நடப்பதில்லை, சுற்றியுள்ள காற்றோட்டம்தான் அதை இழுத்துக்கொண்டு போகிறது. மேற்கு அட்லாண்டிக்கின் மேலடுக்கில் அப்போது ஒரு காற்றழுத்தப் பள்ளம், அதாவது அழுத்தம் குறைந்த நீண்ட பகுதி, இருந்தது. அதன் தென்புறத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசிய காற்றில் லென்னி மாட்டிக்கொண்டது. அதுவரையிலான 113 ஆண்டுப் பதிவில் கரீபியன் கடலில் எந்தப் புயலும் இவ்வளவு தூரம் மேற்கிலிருந்து கிழக்கே போனதில்லை.

15-ஆம் தேதி அது ஹரிக்கேனாக வலுத்தது. 17-ஆம் தேதி செயின்ட் குரோய் தீவுக்குச் சற்றுத் தெற்கே காற்றின் வேகம் மணிக்கு 250 கி.மீ., ஹரிக்கேனின் ஐந்து வகைகளில் நான்காம் வகை. ஹரிக்கேன் பருவமே முடியப்போகும் நேரம் அது! அப்புறம் இழுத்துப்போன காற்றோட்டம் தளர்ந்துவிட்டது. புயல் செயின்ட் மார்ட்டின், அங்குவில்லா தீவுகள் பக்கம் நகர மனமில்லாமல் கிடந்தது. செயின்ட் மார்ட்டினில் ஓரிடத்தில் சுமார் 700 மி.மீ. மழை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கிரெனடா தீவு. புயலின் கண்ணிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தெற்கே இருக்கிறது. புயற்காற்று அங்கே எட்டவில்லை. லென்னி கிளப்பிவிட்ட அலைதான் மேற்கிலிருந்து வந்து, அமைதியான கரை என்று நம்பிப் போட்டிருந்த சாலைகளை உடைத்தது. கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனது. ஒன்று, இரண்டு, நான்கு என்று நாம் புயலுக்குப் போடும் வகை எண் காற்றை மட்டும்தான் அளக்கிறது. அந்தக் கணக்கில் கிரெனடாவுக்குப் புயலே வரவில்லை.